கொடுவா போன கோடு

அத்தியாயம் 4

“மேடம், மீனு பறக்குமாங்க?”

“பறக்கிற மீனு கடல்ல இருக்குது. கொடுவா பறக்காது.”

“எட்டு கிலோ கொடுவா?”

“எட்டு கிலோ எதுவுமே தானா பறக்காது கிருபா. வண்டிய நிறுத்து.”

கிருபா மொபெட்டை உப்பளத்து மண் சாலையில் நிறுத்தினான். மரக்காணம் ஜெராக்ஸ் கடை மாடியில் ‘சாமுண்டி துப்பறியும் நிலையம்’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கும் சாமுண்டீஸ்வரிக்கு அவன்தான் உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன். திட்டு வாங்குகிறவனும் அவனே. அதற்கு முன்னால் மினி பஸ் கண்டக்டராக இருந்தான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆனதும் மினி பஸ்ஸில் ஏற ஆளில்லாமல் போய், முதலாளி பஸ்ஸையே விற்றுவிட்டார். டவுன் பஸ் எங்காவது கண்ணில் பட்டால் கிருபா இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மணி பதினொன்று ஐந்து. புதன்கிழமை. பன்னிரண்டுக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் ஒரு மீனைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

விஷயம் இதுதான். உப்பளக்காரர் அப்பாவுவின் ஒரே மகள் சங்கீதாவுக்கும் அனுமந்தை மீனவர் மோகனுக்கும் இன்றைக்கு நிச்சயதார்த்தம். அப்பாவு வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டுத் தட்டில் பூ, பழத்தோடு தலையும் வாலும் உள்ள முழு மீன் ஒன்று இருக்க வேண்டும். மீன் இல்லாமல் தட்டு மாற்றக் கூடாது. மோகன் விடிந்ததும் எட்டு கிலோ கொடுவா ஒன்றைக் கொண்டுவந்தான். “வீட்டுல பூனை தொல்ல மாப்ள, மோட்டார் கொட்டகையில கொக்கி தொங்குது, அதுல மாட்டிடு” என்றார் அப்பாவு. மாட்டினான். பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் கொக்கி இருந்த இடத்தில் காற்றுதான் இருந்தது.

நல்ல நேரத்துக்குள் மீன் வராவிட்டால் சகுனம் சரியில்லை, சம்பந்தமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அப்பாவு. சங்கீதா பட்டுப் புடவையோடு கொல்லைப்புறம் வந்து, சாமுண்டீஸ்வரிக்கு போன் போட்டுவிட்டாள்.

அப்பாவு வாசலிலேயே மடக்கினார். ஐம்பத்தைந்து வயது, புது வேட்டி, ஓயாத வாய்.

“நீங்க எதுக்கும்மா வெயில்ல? கேஸு முடிஞ்சு போச்சு. மீன்பிடித் தடைக் காலத்துல எட்டு கிலோ கொடுவா எவன் கையில கெடைக்கும்? எங்கயோ வாடகைக்கு எடுத்துட்டு வந்து காமிச்சிருக்கான். வேல முடிஞ்சதும் திருப்பி அனுப்பிட்டான்.”

“வாடகை மீனா?” என்றான் கிருபா. “அட்வான்ஸ் எவ்ளோங்க?”

“யோவ்!” என்று பாய்ந்து வந்தான் மோகன். பட்டுச் சட்டையிலும் மீன் வாடை அடித்தது. “கழுவெளி ஏரி முகத்துவாரத்துல மூணு ராத்திரி வலை போட்டு புடிச்சேன்யா. தடை பெரிய போட்டுக்குத்தான். மூணு நாள் நான் தூங்கல. சங்கீதாவுக்காகன்னு புடிச்ச மீனுங்க அது.”

சொல்லிவிட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தான். கிருபாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“அழாதீங்க தம்பி. கடைசியா எப்ப பாத்தீங்க?” என்றாள் சாமுண்டீஸ்வரி.

“ஆறரைக்கு மாட்டினேன். பத்து மணிக்கு மீனும் இல்ல, கொக்கியும் இல்ல.”

“திருட்டுப் பய, கொக்கியையும் உடல” என்றார் அப்பாவு.

சாமுண்டீஸ்வரி கைப்பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து வாயில் போட்டாள். யோசிக்க ஆரம்பித்துவிட்டாள் என்று அர்த்தம்.

மோட்டார் கொட்டகை ஒரு உப்புப் பாத்தியின் நடுவே, தண்ணீருக்குள் நின்றது. அதற்குப் போக ஒரே ஒரு வரப்பு. அந்த வரப்பின் தலைப்பில் பொன்னியும் இன்னும் நாலு பெண்களும் காலையிலிருந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

“இந்தப் பக்கம் யாராவது போனாங்களா?”

“ஒரு காக்கா கூட போவல” என்றாள் பொன்னி. “ஒம்போது மணிக்கு கஞ்சி குடிச்சோம். அதுவும் இங்கயேதான். கொட்டகைக்கு முதுக காட்டிக்கிட்டு குந்தினோம். வெயில் ஏறினப்புறம் பாத்திய பாத்தா கண்ணு அவிஞ்சிடும்ல?”

“தண்ணியில எறங்கி போயிருக்கலாமே?”

பொன்னி சிரித்தாள். “பாருங்க.”

பார்த்தார்கள். கொட்டகையைச் சுற்றி நாலு பக்கமும் தண்ணீருக்கடியில் புதிதாக உப்பு பூத்து, அப்பளம் போலப் படிந்திருந்தது. ஒரு கால் வைத்தால் போதும், நொறுங்கி அச்சு விழுந்துவிடும். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

“வரப்பு வழியா யாரும் வரல. தண்ணி வழியாவும் வரல” என்றாள் சாமுண்டீஸ்வரி.

“அப்ப நான் மொதல்லயே கேட்டேனே, மீனு பறக்குமான்னு?”

“பறந்துதான் இருக்குது கிருபா. மேல பாரு.”

கொட்டகையின் உத்திரத்தில் மரம் தேய்ந்து ஒரு புதுத் தழும்பு. அதில் நீல நைலான் நூல் இரண்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தது. கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி. அதன் வழியாகப் பார்த்தால், பக்கத்துப் பாத்தித் தண்ணீரில், வரப்பை ஒட்டி ஒரு கவட்டைக் கம்பு தெரிந்தது. எப்போதோ விளக்கு மாட்ட நட்டு, மறந்துபோன கம்பு.

கிருபா வரப்பில் ஓடிப்போய் எட்டிப் பார்த்தான். கவட்டையில் அதே நீல இழை. பக்கத்தில் எட்டணாக் காசு அகலத்துக்கு ஒரு செதில், வெயிலில் மின்னியது.

“மேடம்! கொடுவா செதிலு!”

“தழும்பு ஆழமா இருக்குதா?”

“இல்ல மேடம், லேசா உரசினாப்பல இருக்குது.”

“அப்ப எவனோ தூரத்துல இருந்து மீனை கயித்துல இழுத்திருக்கான், கயிறு அங்க மடங்கல. உரசிட்டு நேரா போயிருக்குது.” சாமுண்டீஸ்வரியின் முகம் மலர்ந்தது. “இழுத்துக் கட்டின கயிறு நேர்கோடு கிருபா. அதுல ரெண்டு எடம் நமக்கு தெரிஞ்சு போச்சு. ரெண்டு எடம் தெரிஞ்சா சரிவு தெரியும். சரிவு தெரிஞ்சா கயிறு எங்க போய் முடிஞ்சுதுன்னு அதுவே காட்டிக் குடுத்துடும். போய் டேப்பு வாங்கிட்டு வா.”

அப்பாவு வீட்டில் மாடி கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. கொத்தனாரின் நூறடி டேப் கிடைத்தது. அளக்கிற வேலையை வேடிக்கை பார்க்க இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களும் சாலையில் கூடிவிட்டார்கள். அப்பாவுவும் வந்து நின்றார்.

“உத்திரத்துல தழும்பு எவ்ளோ ஒசரம்?”

“எங்கயிருந்து மேடம் அளக்கறது?”

“இது என்ன கேள்வி? தண்ணியில இருந்துதான்.”

சாமுண்டீஸ்வரியும் உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்தவள்தான். இந்த மண்ணில் எதையும் தண்ணீரிலிருந்துதான் அளப்பார்கள். வரப்பு எத்தனை உயரம் என்று கேட்டால், தண்ணிக்கு மேல நாலு விரல் என்பார்கள். மனுஷன் பொய் சொல்லுவான், தண்ணி மட்டம் பொய் சொல்லாது என்பது இங்கே வேதவாக்கு. கிருபா அளந்தான். உத்திரத் தழும்பு தண்ணீருக்கு மேல் ஏழு அடி. கம்புத் தழும்பு தண்ணீருக்கு மேல் ஆறு அடி. இரண்டுக்கும் நடுவே நாற்பது அடி.

காலையிலிருந்து ஓயாத அப்பாவுவின் வாய் இந்த இடத்தில் மட்டும் மூடியே இருந்ததைக் கிருபா கவனித்தான். வெயிலுக்குத் தொண்டை வறண்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

“இப்ப சரிவு சொல்லு.”

“மேடம், பத்தாவதுல என்ன மூணு வாட்டி ஃபெயிலாக்கின கேள்வி இது.”

“ரெண்டாவது ஒசரத்துல இருந்து மொத ஒசரத்த கழி.”

“ஆறுல ஏழு போவாதுங்களே.”

“போவும். மைனஸ் ஒண்ணு. அத நடுவுல இருக்கற தூரத்தால வகுத்தா நாப்பதுல ஒண்ணு, அதுவும் மைனஸு. அப்படின்னா நாப்பது அடி போனா கயிறு ஒரு அடி எறங்குது. ஏழு அடி எறங்கி தரைய தொட எவ்ளோ தூரம் போவணும்?”

“ஏழு நாப்பது எரநூத்தி எம்பது.” பெருக்கலில் கிருபா புலி. ஏழு டிக்கெட், நாற்பது டிக்கெட் எல்லாம் அவன் ஒரே மூச்சில் கணக்குப் போட்டவை.

கொட்டகையிலிருந்து கம்பு இருந்த திசையிலேயே டேப்பைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நூறடி, இருநூறடி. பாத்தி முடிந்து மண் சாலை வந்தது. இருநூற்று எண்பதாவது அடியில் கிருபாவின் கை ஒரு டயரில் இடித்தது.

நிமிர்ந்து பார்த்தான். லோடு ஆட்டோ. பின்னால் ‘மோகன் – அனுமந்தை’ என்று எழுதி, ஒரு நண்டும் வரைந்திருந்தது.

கூட்டம் வண்டியைச் சுற்றி நெருங்கியது. பிறகு அப்பாவுவுக்கு வாய் திரும்ப வந்தது.

“நான் சொல்லல? வாடகைக் கொடுவா! வண்டியில குந்திக்கினே இழுத்துட்டான்!”

“வாடகைக் கொடுவா, வாடகைக் கொடுவா” என்று பெண் வீட்டுக் கூட்டம் முணுமுணுத்தது. மோகன் வாயைத் திறந்தான், மூடினான். அவன் பிடித்த மீன் மாதிரியே இருந்தது. சங்கீதா அவனைப் பார்த்தாள்.

“நீ சொல்லு. எடுத்தியா?”

“உங்கம்மா மேல சத்தியமா இல்ல.”

“எங்கம்மா செத்து நாலு வருஷம் ஆச்சு.”

“அதனாலதான் பொய் சத்தியம் பண்ண முடியாதுன்னு சொல்றேன். மேல இருந்து பாத்துக்கிட்டுதான இருக்காங்க?”

சங்கீதாவின் கண் நிறைந்துவிட்டது. நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் கையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பிய்த்துக்கொண்டு நின்றாள். மணி பதினொன்று முப்பத்தைந்து. சாமுண்டீஸ்வரி கடலை மிட்டாயைத் துப்பிவிட்டாள். கிருபா அவளிடம் சேர்ந்த இத்தனை நாளில் அதை அவன் பார்த்ததே இல்லை.

“கணக்கு சரியா இருக்குது கிருபா. ஆனா மனசுக்கு சரியா படல. சொந்த மீனை எவனாவது திருடுவானா? வா, இன்னொரு வாட்டி கம்ப பாத்துட்டு வரலாம்.”

வரப்பில் திரும்பிப் போகும்போதுதான் அது நடந்தது. கம்பை எட்டிப் பிடிக்கப் போன கிருபாவின் கால் வழுக்கி, வலது செருப்பு பக்கத்துப் பாத்தியில் விழுந்தது. கூனிமேட்டில் போன வாரம் வாங்கிய புதுச் செருப்பு. இன்னும் ஸ்டிக்கர் கூட உரிக்கவில்லை.

“ஐயோ, செருப்பு!”

செருப்பு உப்புத் தண்ணீரில் சுகமாக மிதந்தது. கிருபா கையை நீட்டினான். அது நகர்ந்தது. இன்னும் நீட்டினான். இன்னும் நகர்ந்தது. வரப்புக்கடியில் இருந்த ஒரு குழாய் வாய்க்குள் விறுவிறுவென்று புகுந்தது. இவன் வரப்பைத் தாண்டி அந்தப் பக்கம் பாய்ந்தான். குழாயின் மறுவாயிலிருந்து, கொட்டகைப் பாத்திக்குள், தொப்பென்று விழுந்தது செருப்பு.

“மேடம், என் செருப்பு ஓடுது மேடம்! காலு இல்லாமயே ஓடுது!”

“கெடக்கட்டும் விடு, வேற...” என்று ஆரம்பித்த சாமுண்டீஸ்வரி நின்றுவிட்டாள். “என்ன சொன்ன?”

“ஓடுதுன்னு சொன்னேன்.”

“எந்தப் பாத்தியில இருந்து எந்தப் பாத்திக்கு?”

“கம்பு பாத்தியில இருந்து கொட்டகை பாத்திக்கு.”

“தண்ணி எப்படிடா கிருபா ஓடும்?”

“மேட்டுல இருந்து பள்ளத்து...” கிருபாவின் வாய் அப்படியே திறந்து நின்றது.

சாமுண்டீஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள். “தண்ணி மட்டம் பொய் சொல்லாதுதான். ஆனா ரெண்டு பாத்தியில இருக்கறது ஒரே தண்ணி இல்லியே! ஒரு மேட்டுத் தண்ணியில இருந்து ஒரு ஒசரத்த அளந்தோம், ஒரு பள்ளத்துத் தண்ணியில இருந்து இன்னொண்ண அளந்தோம். அதக் கழிச்சு இதக் கழிச்சு ஒரு அப்பாவிய மாட்டிவிட்டோம். வரப்பு தலையில இருந்து ரெண்டு பக்கமும் அளந்து சொல்லு, சீக்கிரம்!”

ஒற்றைச் செருப்போடு கிருபா அளந்தான். வரப்பின் தலையிலிருந்து கொட்டகைப் பாத்தித் தண்ணீர் இரண்டரை அடி கீழே. கம்பு நின்ற பாத்தித் தண்ணீர் அரை அடிதான் கீழே. வெள்ளை வெயிலும் உயர்ந்த வரப்பும் சேர்ந்து அந்த இரண்டு அடியைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டன.

உப்பைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்த பொன்னி, “அது மேட்டுப் பாத்தியாச்சேங்க” என்றாள். “மோட்டார் போட்டு மேல ஏத்தி, அதுல இருந்துதான் கீழ உடுவோம். அண்ணனே தெனம் தொறந்து உடுவாரே.”

“எந்த அண்ணன்?”

“அப்பாவு அண்ணன்தான்.”

தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்ற மனிதரை நோக்கி சாமுண்டீஸ்வரி நடந்தாள். நடந்துகொண்டே கணக்குக் கேட்டாள்.

“கம்புத் தழும்பு ஆறு. மேட்டுத் தண்ணி ரெண்டு. மொத்தம்?”

“எட்டு.”

“எட்டுல ஏழு?”

“இது போவும் மேடம்! ஒண்ணு! பிளஸ் ஒண்ணு!”

“அப்ப கயிறு எறங்கவே இல்ல. நாப்பது அடிக்கு ஒரு அடி ஏறிக்கிட்டு போயிருக்குது. கொட்டகைத் தண்ணியில இருந்து பதினாலு அடி ஒசரத்துல மோகன் வண்டிய ஹாயா தாண்டி போயிருக்குது. வண்டிக்கு அந்தாண்ட நாப்பது அடியில என்னா இருக்குது?”

“அப்பாவு அண்ணன் வீடு.”

“முன்னூத்தி இருபது அடி. எட்டு அடி ஏறும். ஏழும் எட்டும் பதினஞ்சு.” இந்த முறை வாசல் மேட்டையும் மறக்காமல் கழித்துக்கொண்டாள். “வாசல் மேடு மூணு அடி போவ பன்னெண்டு. அண்ணே, உங்க வீட்டுல பன்னெண்டு அடி ஒசரத்துல என்னா வெச்சிருக்கீங்க?”

அப்பாவு தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கூடியிருந்த அத்தனை தலைகளும் ஒன்றாக மேலே நிமிர்ந்தன. கட்டி முடிக்காத மாடியின் விளிம்பில், செங்கல் ஏற்றும் கப்பி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நீல நைலான் கயிறு சுற்றியிருந்தது. கயிற்றின் நுனியில் ஒரு கொக்கி, காற்றில் மெதுவாகச் சுற்றிக்கொண்டு, எல்லோரையும் ஒரு தடவை பார்த்தது.

“அதே கொக்கி!” என்று கத்தினான் மோகன்.

“கொக்கி கொட்டகையில மாட்டினது இல்ல தம்பி” என்றாள் சாமுண்டீஸ்வரி. “இந்தக் கயித்தோட நுனி அது. உத்திரத்து மேல போட்டு தொங்க விட்டிருக்காரு. நீங்களே உங்க கையால மீனை கட்டிக் குடுத்துட்டு வந்திருக்கீங்க. பொம்பளைங்க முதுக காட்டி கஞ்சி குடிச்ச நேரம் பாத்து, மேல இருந்து இழுத்துட்டாரு.”

“நேத்தே சீரியல் லைட்டு கட்டறேன்னு கயிறு இழுத்துக்கினு இருந்தாரே” என்றாள் பொன்னி.

“இத ஏம்மா மொதல்லயே சொல்லல?”

“யாரு வந்தாங்களான்னுதான கேட்டீங்க. கயிற பத்தி யாரு கேட்டீங்க?”

சங்கீதா பட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். மாடியில் புதுத் தளம் காய்வதற்காகச் சிமெண்டில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருந்தார்கள். அதன் மூலையில் ஒரு கோணி. கோணியை விலக்கும் சத்தம் கீழே கேட்டது. பிறகு அவள் குரல்.

“அப்பா! உப்பு போட்டு மூடி வெச்சிருக்கியேப்பா!”

“கெட்டுப் போயிடக் கூடாதுல்ல” என்றார் அப்பாவு. குரல் கீச்சென்று வந்தது. “மூணு ராத்திரி முழிச்சி புடிச்சிருக்கான். நல்ல மீனும்மா அது. நம்ம உப்புலயே ஒண்ணாம் நம்பர் உப்பு போட்டேன்.”

கிருபாவின் துப்பறியும் அனுபவத்தில், திருடிய பொருளை இவ்வளவு பொறுப்பாகப் பார்த்துக்கொண்ட திருடன் இவர் ஒருவர்தான்.

“ஏன்பா இப்படி பண்ணின? மோகன் புடிக்கலியா?”

“புடிச்சிருக்குது. அதான் பிரச்சனையே. கெட்ட பயலா இருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்ல.” அப்பாவு ஏணியின் அடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். “நீ போயிட்டா, சாயங்காலம் தண்ணி பதம் பாத்து யாரு சொல்லுவா? மோட்டார நிறுத்துன்னு யாரு கத்துவா? நாலு வருஷமா இந்த வீட்டுல ஒன் சத்தம்தான் கேக்குது. போவாதன்னு சொல்ல வாய் வரல. அதான் மீனை எடுத்தேன்.”

மணி பதினொன்று நாற்பத்தெட்டு. சாமுண்டீஸ்வரியிடம் சரிவுக்குக் கணக்கு இருந்தது, இதற்கு இல்லை. கிருபாவிடம்தான் இருந்தது. சொல்ல அவனுக்குக் கசந்தது, ஆனாலும் சொன்னான்.

“அண்ணே, அனுமந்தையில இருந்து இங்க டவுன் பஸ்ஸு இருக்குதுங்க. பொம்பளைங்களுக்கு டிக்கெட்டே கெடையாது. தெனம் வரலாம், தெனம் போவலாம். அந்த பஸ்ஸாலதான் என் பொழப்பே போச்சு, உங்களுக்காவது ஒதவட்டும்.”

“நான் தெனம் மத்தியானமே வந்து சாயங்காலம் பதம் பாத்துட்டு போறேன்பா” என்று மாடியிலிருந்து கத்தினாள் சங்கீதா. “நீ மோட்டார நிறுத்தலன்னா அங்கயிருந்தே போன்ல கத்துவேன். கயித்த புடி, மீனை எறக்கணும்.”

அப்பாவு எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கயிற்றை அதே கையால் மெல்ல மெல்ல விட்டார். கொடுவா வெள்ளை வெளேரென்று உப்பு போர்த்திக்கொண்டு, கூட்டத்தின் தலைக்கு மேல் ஒரு சுற்று சுற்றி, மோகனின் கையில் வந்து இறங்கியது. ஆளுக்கு ஒரு பக்கம் தட்டைப் பிடிக்க ஓடினார்கள்.

தட்டு மாற்றும் நேரம். மணி பதினொன்று ஐம்பத்தாறு. எல்லோரும் அப்பாவுவைப் பார்த்தார்கள். அவர் தட்டில் கை வைக்காமல் கிருபாவின் பக்கம் சாய்ந்தார்.

“ஏம்பா, சாயங்காலம் அனுமந்தைக்கு கடைசி பஸ்ஸு எத்தினி மணிக்கு?”

“ஒம்போது பத்துங்க.”

“பொண்ணு ராத்திரி சோறு தின்னுட்டு போவலாம்ல?”

“தாராளமா போவலாங்க.”

அப்பாவு தட்டை வாங்கிக்கொண்டார்.